கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். சோபா தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பின் அடிக்கும் இயந்திரம், ஒரு பக்கம் தையல் இயந்திரம் என்று இரைச்சலிலேயே பிழைப்பு நடத்துகிறவள் மெல்லப் பேசினால் எதிரில் நிற்பவருக்கு வாயசைவதுதான் தெரியும். துணிக்கடைக்காரர் அளவில் குறைத்தால் கத்துவேன். சோபாவை இன்று கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்கிறவர்களிடம் கத்துவேன். என் கணவர் ஈரத்துண்டைப் புது ஃபோம் மேல் போட்டால் கேட்கவே வேண்டாம். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நாள் முழுக்க மேலயும் கீழயும் போயிட்டு வர்றவன் நான். உன் குரல் ஏறி இறங்கறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல" என்பார்.

நான் கத்தாமல் பேசியது ஒரே ஒரு ஆளிடம்தான். அவருடைய மகளிடம்.

கல்யாணம் முடிந்து, பட்டறைக்கு மேலே இருக்கும் என் வீட்டுக்கு அப்பாவும் மகளுமாகக் குடிவந்தபோது அவளுக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. அவள் அம்மா இறந்து அதற்குள் பல வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அவள் 'கொசு'. சின்ன வயதில் காதருகே வந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாளாம், அதனால் வைத்த பெயர். என் வீட்டுக்கு வந்த கொசுவோ ரீங்கரிக்கவே இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். குளித்த பிறகு குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டு வந்தாள். எது கொடுத்தாலும் "தேங்க்ஸுங்க" என்றாள். என்னைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் "இங்க பாருங்க" என்பாள், அல்லது நான் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பாள்.

நானும் சளைத்தவள் இல்லை. மாற்றாந்தாய் என்ற சொல்லுக்கு ஊரில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? இந்தப் பெண்ணிடம் ஒருநாளும் குரலை உயர்த்துவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அவள் கண்ணாடி டம்ளரை உடைத்தபோது "பரவாயில்லம்மா" என்றேன். என் நல்ல கத்தரிக்கோலால் அட்டையை வெட்டியபோதுகூட "பரவாயில்லம்மா" என்றேன். அன்று பட்டறைக்கு இறங்கிப் போய் வேலையாளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். துணி வெட்டும் கத்தரிக்கோலால் அட்டை வெட்டினால் கூர் போய்விடும் என்று தைக்கிற யாருக்கும் வயிறு எரியும்.

இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே ஒரே வீட்டில் ஒன்றரை வருடம் ஓட்டினோம்.

அப்போதுதான் என் நாத்தனார் தொலைபேசியில் பேசினாள். வங்கியில் அதிகாரி, பெரிய வீடு, பிள்ளைகள் இல்லை. "கடைசி ரெண்டு வருஷம் இங்க வந்து படிக்கட்டுமே. ஸ்கூல் நடக்கிற தூரந்தான். அவளுக்குன்னு தனி ரூம் தர்றேன்" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அண்ணன் மகள் மேல் உண்மையான பாசம். கொசு "யோசிச்சு சொல்றேன் அத்தை" என்றாள். பள்ளி திறப்பதற்குள் சொல்ல வேண்டும்.

"அவ போகணும்னா போகட்டும், இருக்கணும்னா இருக்கட்டும்" என்றார் என் கணவர். "நாம அழுத்தக் கூடாது."

"லிஃப்டே பட்டனை அழுத்தினாத்தான் வரும்ங்க."

"அப்ப நீ அழுத்து."

சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் எங்கே வரும்? அவள் போனால் படிப்புக்காகப் போனாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அவளும் அதையே சொல்வாள். என்னோடு இருக்க முடியாமல் போனாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். பிள்ளை பெறாதவள், இந்த வயதில் கைக்கு வந்த ஒரு பிள்ளையையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று என் மனசே என்னைக் குத்திக் காட்டும்.

அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. சாயங்காலமானால் பழைய பள்ளித் தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து ஏதோ விளையாடுவாள். நால்வரும் ஒரே அணி. இவள் அதில் அடிப்பவள் இல்லை, அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்துபவள் என்று அவள் அப்பா சொன்னார். அந்த லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. முக்கியமான நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும். ஒருநாள் துணி மடித்து வைக்கப் போனபோது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சொல்வது கேட்டது: "என்னால உங்களுக்குத்தான் தோல்வி. வேற யாரையாச்சும் சேர்த்துக்கோங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தட்டைக் கழுவி வைக்கும்போது என்னிடம் பேசுகிற அதே குரல்தான். இங்கும் விருந்தாளி, அங்கும் விருந்தாளி. எனக்குப் பொறுக்கவில்லை.

"பிறந்தநாளைக்கு அவளுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறோம்" என்று கணவரிடம் அறிவித்தேன்.

"லஞ்சமா?"

"ஆமா, லஞ்சம்தான். வாங்கிக்கறாளான்னு பார்ப்போம்."

கடைக்கு மூன்று பேரும் போனோம். ரொம்ப மலிவாகவும் வேண்டாம், சொத்தை எழுதிக் கொடுத்து வாங்குவதும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒல்லியான மனிதர், ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகியிருந்தார். உடனே வண்ண விளக்குகள் ஓடும் ஒரு கண்ணாடிப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்தார். கல்யாண மண்டபம் தோற்றது, அத்தனை ஜொலிப்பு.

"இதுல என்ன விசேஷம்?" என்றேன்.

"லைட்டு பதினாறு விதமா மாறும்க்கா."

"லைட்டு வேணும்னா நான் லைட் கடைக்குப் போக மாட்டேனா? உள்ள என்ன இருக்கு?"

சோபா வாங்குகிறவர்கள் முதலில் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கவிழ்த்துப் போட்டுச் சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் பார்ப்பேன். அந்தப் புத்தியோடுதான் அன்றும் இருந்தேன். ஆனால் கம்ப்யூட்டரைக் கவிழ்த்தாலும் எனக்கு என்ன தெரியப் போகிறது? அதனால் கொசுவிடம் திரும்பினேன். "நீ சொல்லும்மா, எது வேணும்?"

"எதுன்னாலும் பரவாயில்லங்க."

கடைக்காரர் பேசிக்கொண்டே போனார். ப்ராசஸர்தான் மூளை, அதில் பெரிதாகப் போட்டால் பத்து வருடம் தாங்கும் என்றார். கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்குச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாமாம். நான் தலையாட்டிக்கொண்டே கொசுவின் கண்ணைப் பார்த்தேன். அது கடைக்காரர் காட்டும் பெட்டியில் இல்லை. பக்கத்து அலமாரியில் இருந்த வேறொரு கார்டின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் அதே இடத்தில் வைத்தாள்.

"அது என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் படிச்சே? சொல்லு."

அவள் என்னைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "ப்ராசஸரை ஒரு படி இறக்கிட்டு, மிச்சப்படற காசுல இந்தக் கார்டு போடலாமா? கேமுக்கு இதுதான் முக்கியம். மானிட்டர் சாதாரண ஃபுல் எச்.டி. போதும். பவர் சப்ளை மட்டும் பேர் தெரியாத கம்பெனி வேண்டாம்." சொல்லி முடித்ததும், அடுத்த வீட்டில் எதையோ எடுத்துவிட்டவள் போல என்னைப் பார்த்தாள்.

கடைக்காரர் காதிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "பொண்ணு சொல்றதுதான் சரிக்கா. நான் பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்றதுக்கு நாங்க பொதுக்கூட்டத்துக்கா வந்திருக்கோம்?" என்றேன். என் கணவர் என் முழங்கையை இடித்தார்.

கடைசியில் வெளிப்பெட்டிதான் பாக்கி. கண்ணாடி முகப்பு வைத்தது ஒன்று. முகப்பு முழுக்கச் சல்லடை போலக் கம்பிவலை வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று. "இது" என்று கொசு வலை வைத்ததைத் தொட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"இத்தனை ஓட்டையா? தூசி போகாது?"

"காத்து போகணும்ல அக்கா" என்றார் கடைக்காரர். "தூசியும் போகும்தான். அப்பப்ப சுத்தம் பண்ணிக்கணும். உள்ள தூசி அடைஞ்சா சீக்கிரம் கெட்டுடும்."

அவர் சொன்னதில் காற்று இந்தக் காதில் போய் அந்தக் காதில் வெளியேறிவிட்டது. தூசி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

எங்கள் வீட்டுத் தூசி சாதாரணத் தூசி இல்லை. கீழே நாள் முழுக்கப் பழைய சோபாவைக் கிழிப்போம். பஞ்சும் நாரும் ஃபோம் தூளும் படியேறி மேலே வரும். சாப்பாட்டு மேசையைக் காலையில் துடைத்தால் மதியம் பெயர் எழுதிப் பார்க்கலாம். அதனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. டிவிக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, தையல் இயந்திரத்துக்கு உண்டு. "நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் அளவெடுத்துடுவா" என்பார் என் கணவர்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த மறுநாளே அளவெடுத்தேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் சோபாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணி இருந்தது, கனமான நல்ல துணி. அதற்கு உள்ளே மெல்லிய ஃபோம் வைத்து, ஓரத்துக்கு நீலத்தில் பைப்பிங் கொடுத்து, முன்னால் பொத்தானுக்கு ஒரு துளை, பின்னால் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக ஒரு கண் என்று வைத்துத் தைத்தேன். வயர்களைக் கண்ணுக்குள் கோத்து மாட்டிய பிறகு ஒரு சுருக்கம் கிடையாது. தைத்தால் அப்படித் தைக்க வேண்டும். என் தொழிலில் நான் ஆசைப்பட்டுத் தைத்த பொருள்கள் சொற்பம், அதில் இது ஒன்று.

கொசு அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. தேங்க்ஸுங்க" என்றாள்.

முதல் இரண்டு நாள் அறையிலிருந்து சத்தம் வந்தது. தோழிகளோடு பேசுவதும், ஒருமுறை சிரிப்பதும்கூடக் கேட்டது. நான் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுக் கீழே போய் வேலையாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு என்னவோ ஆயிற்று. விளையாட உட்காருவாள், சிறிது நேரத்தில் எழுந்து வந்துவிடுவாள். "அதுக்குள்ள போதுமா?" என்றால் "போதுங்க" என்பாள்.

ஒருநாள் காலையில் வழக்கம்போல் தூசி தட்ட அவள் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சட்டையில்லாமல் நின்றது. உறையை மடித்துக் கட்டில் மேல் வைத்திருந்தாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"கவர் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அவள் பதறிவிட்டாள். "ஐயோ, இல்லங்க. துவைக்கலாம்னு எடுத்தேன்." உடனே எல்லா வயரையும் பிடுங்கி, கண்களில் கோத்து, மறுபடி மாட்டிவிட்டாள். தைத்து ஒரு வாரம்கூட ஆகாத உறையில் துவைக்க என்ன இருக்கிறது? பிடிக்கவில்லை, சொல்ல மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். லஞ்சம் கொடுத்தும் காரியம் நடக்கவில்லை என்று புரிந்தது.

அந்த வாரமே அவள் அத்தையோடு பேசுவதும் காதில் விழுந்தது. "ஆமா அத்தை... இல்ல, இங்க ஒண்ணும் கஷ்டமில்ல. நல்லாத்தான் பாத்துக்கறாங்க... சரி அத்தை, சீக்கிரம் சொல்லிடறேன்." நல்லாத்தான் பாத்துக்கறாங்க! பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லலாம். அன்றைக்கு நான் ஒரு நாற்காலிக்குத் தலைகீழாகத் துணி அடித்துவிட்டுப் பிரித்து மறுபடி அடித்தேன்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு பிற்பகல் அப்பாவும் மகளும் கண் டாக்டரிடம் போயிருந்தார்கள். நான் மேலே வந்தபோது அவள் அறையிலிருந்து மாவு அரைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். விளையாட்டைத் திறந்து ஓடவிட்டு, நிறுத்தாமல் போயிருந்தாள் போல. எட்டிப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் ஏறி ஏறி, பொட்டென்று நின்றது. திரை இருண்டது. உறை மேல் கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி தோற்கும். சுட்ட கையை உதறினேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். காதில் ஸ்குரூ டிரைவர் செருகிய அந்த மனிதர் ஓட்டைப் பொருளைத் தலையில் கட்டிவிட்டார்! அதனால்தான் பிள்ளை பாதியில் எழுந்து வருகிறாள். வாங்கிக் கொடுத்தவர்கள் மனசு கஷ்டப்படும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பொருளைக் கொடுத்தா ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது? கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வயர்களைப் பிடுங்கி, பெட்டியை உறையோடு அள்ளி, போர்வையில் சுற்றிய குழந்தை மாதிரி பட்டறை வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு நேரே கடைக்கு ஓட்டினேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். வியாபாரமா இது, பிள்ளைகளின் ஆசையில் விளையாடுகிறீர்களா, கார்டு சரியில்லையா அல்லது மனசே சரியில்லையா என்று கேட்டேன். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"முடிஞ்சுதாக்கா? நான் பாக்கலாமா?"

உறையைத் தொட்டார். முன்னாலும் பின்னாலும் திருப்பினார். வயருக்கு வைத்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"நீங்கதான் அந்தச் சித்தியா?"

"எந்தச் சித்தி?"

"போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. கம்ப்யூட்டர் சூடாகுது, தானா ஆஃப் ஆகுது, என்ன பண்ணலாம்னு. மேல ஏதாவது மூடியிருக்கான்னு கேட்டேன். கவர் போட்டிருக்குன்னுச்சு. கழட்டிடும்மா, காத்து வேணும், வேற ஒண்ணுமில்லன்னேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா?"

நான் உறையின் நீல ஓரத்தை விரலால் நீவினேன்.

"'கவரை மட்டும் கழட்ட முடியாதுங்க. எங்க சித்தி எனக்குன்னு தைச்சது. ஒரு தடவை கழட்டினேன், அவங்க முகம் வாடிப்போச்சு. கவர் மேலேயே இருக்கணும், சூடும் குறையணும், அதுக்கு வழி சொல்லுங்க'ன்னுச்சு. உள்ள இன்னொரு ஃபேன் போடலாமான்னு கேட்டுச்சு. கழுத்து வரைக்கும் கம்பளி போத்திக்கிட்டு ஃபேன் போட்டா குளுருமான்னு நான் கேட்டேன். அப்ப கொஞ்ச கொஞ்ச நேரமா விளையாடிக்கறேன், பரவாயில்லங்கன்னு வச்சுடுச்சு."

பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். ரெக்சின் கிழிந்து உள்ளே இருந்த ஃபோம் எட்டிப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

எங்க சித்தி. என்னிடம் ஒருநாளும் சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள், எந்த யோசனையும் இல்லாமல். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கூடவே அழுகையும் வந்தது, அசடு வழிந்ததும் சேர்ந்துகொண்டது.

கடைக்காரர் உறையைக் கழற்றி, வயரை மாட்டி, ஓட்டிப் பார்த்தார். "ஒரு பழுதும் இல்லக்கா. சூடு எல்லை தாண்டினதும் தன்னைத்தானே நிறுத்திக்கிச்சு. பிழைச்சுக்கிச்சு." பிறகு உறையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "ஆனா தையல்னா இதுதான் தையல்."

"நாளைக்கு அந்த ஸ்டூலை என் பட்டறைக்கு அனுப்புங்க" என்றேன். "சும்மாவே செஞ்சு தர்றேன். கத்தினதுக்கு."

"அப்ப அந்த ரெண்டு சேரும் அனுப்பவா? நிறைய கத்தினீங்களே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீடு திரும்பியபோது அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். கொசு மாடிப்படி உச்சியில் நின்றாள். மேசை காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் கையில் பெட்டியும் தோளில் உறையுமாகப் படியேறினேன். வழியெல்லாம் என்னென்னவோ நல்ல வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. வாய்க்கு வந்தது என் சொந்தக் குரல்தான்.

"அறிவிருக்கா உனக்கு? வெந்துபோயிருக்கும் எல்லாம்! கவரு பெரிசா, கம்ப்யூட்டர் பெரிசா? சூடாகுதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஒன்றரை வருடம் காத்த விரதம் போயிற்று. என் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்து அப்படியே நின்றார். கொசுவின் உதடு துடித்தது. அவ்வளவுதான், அழப்போகிறாள், நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. கத்தினாள்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா? அன்னைக்கு உங்க கத்தரிக்கோலைக் கெடுத்தேன். பரவாயில்லம்மான்னீங்க. அப்புறம் கீழ போய் அந்த அண்ணனைத் திட்டினீங்க, எனக்குக் கேக்காதா? அப்பாவைத் திட்டறீங்க, துணிக்கடைக்காரரைத் திட்டறீங்க, தண்ணி மோட்டாரைக்கூடத் திட்டறீங்க! என்கிட்ட மட்டும் பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா! நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

பெட்டி கையில் கனத்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"அத்தை வீட்டுக்குப் போறேன்னு நீதானே யோசிச்சே?"

"நான் யோசிக்கறேன்னுதான் சொன்னேன். போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? போனா நிம்மதின்னு நினைக்கறீங்களோன்னு நான் தினம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இருவரும் ஒரே கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்றவள் இழுக்கட்டும் என்று ஒன்றரை வருடம் நின்றிருக்கிறோம். எனக்குக் கண் மறைத்தது.

"போகாதே!" என்றேன். தெருமுனை வரை நிச்சயம் கேட்டிருக்கும். "எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்! போனேன்னா உங்க அத்தை வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துவேன்!"

கொசு என்னைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "கனமா இருக்குல்ல, கீழ போட்டுடப் போறீங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஜாடிக்கேத்த மூடி" என்றார் என் கணவர், யாருக்கும் கேட்காத குரலில். எங்கள் இருவருக்கும் கேட்டது. இருவரும் சேர்ந்து அவரை முறைத்தோம்.

அன்று சாயங்காலமே அவள் அத்தைக்குப் போன் செய்தாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசினாள். "இல்ல அத்தை, வரல. லீவுக்கு வர்றேன்... இல்ல, விடமாட்டேங்கறாங்க." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை நான் காதாரக் கேட்டேன். என் நாத்தனார் மறுநாள் என்னிடம் பேசினாள். "எனக்கு வருத்தம்தான், ஆனா அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா. அது போதும்" என்றாள். நல்ல மனசு.

உறையை நான் பிரித்துப் போடப் போனபோது கொசு தடுத்துவிட்டாள். அதனால் பின்பக்கத்தை முழுக்கத் திறந்து, ஒட்டி இழுக்கும் வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்தேன். வயரைப் பிடுங்க வேண்டாம், ஒரே இழுப்பில் உரிந்து வரும். அவள் பள்ளிக்குப் போகும் நேரத்தில், நிறுத்தி ஆறின பிறகு, சட்டை போட்டுக்கொண்டு இருக்கும். விளையாடும்போது வெற்றுடம்பு. கடைக்காரரின் ஸ்டூலும் இரண்டு நாற்காலிகளும் பட்டறையில் வரிசையில் நிற்கின்றன.

இப்போது சாயங்காலமானால் மேலேயிருந்து கொசுச் சத்தம் ஓய்வதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். தட்டைக் கழுவுவதையும் விட்டுவிட்டாள், அதற்கும் சேர்த்துத்தான் கத்த வேண்டியிருக்கிறது. நேற்றும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. மூன்றாவது முறை கதவைத் தள்ளிக்கொண்டு போய் என் முழுக் குரலில் கூப்பிட்டேன்.

அவள் திடுக்கிட்டுக் கையைத் தவறவிட்டாள். திரை சிவந்துபோனது. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு நாற்காலியோடு என் பக்கம் சுழன்றாள்.

"சித்தி! ஆடறப்ப கூப்பிடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? உன்னாலதான் செத்தேன், பாரு!"

என்ன குரல்! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கீழே என் கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"செத்தது போதும்" என்றேன், அதைவிடச் சத்தமாக. "வந்து சாப்பிடு!"